இரண்டு கேன் விதை

ஆடிப் பதினெட்டு கழிந்த அடுத்த வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்குக் கருப்புசாமி பிளான்ட்டை விட்டுப் போனார். போகும் முன் முட்டி வரை வரும் தன் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினார். தொட்டியைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பியில் அவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிறகு டிபன் பாக்ஸை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு, கேட்டுக்குப் போகிற வழியில் லேப் வாசலில் நின்றார்.

"அம்முணி, கெளம்பறேன். இன்னைக்கு எத்தன நின்னுச்சு?"

லேபுக்குள் விஜயகுமாரி கண்ணாடி உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "நிக்கவே இல்லீங்கண்ணா. கலங்கலாவே கெடக்குது."

"வெல்லத்தக் கொறச்சுப் போடு. சாவக் கெடக்கறதுக்குச் சோத்த ஊட்டுனா எறங்காது."

அவ்வளவு சொல்லிவிட்டு நடந்தார். காவலாளி கேட்டின் சின்னக் கதவைத் திறந்துவிட்டான். இருபது வருஷம் அந்தத் தொட்டியோடு கிடந்த மனிதரை, தொட்டியைக் கொன்றவர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் கொல்லவில்லை என்று சொல்லக்கூடியவள் அந்தக் காம்பவுண்டுக்குள் ஒருத்திதான் இருந்தாள். அவள் உருளையைக் கழுவி வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

விஜயகுமாரியின் வேலை என்னவென்று தெரிந்தால்தான் அவள் செய்த காரியமும் விளங்கும்.

நல்லூரைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் திருமூர்த்தியின் சாயப்பட்டறை. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. அதனால் பட்டறைக்குப் பின்னாலேயே சுத்திகரிப்பு பிளான்ட். அதன் நடுவில் கிணறு மாதிரி ஆழமான சிமென்ட் தொட்டி. அடியிலிருந்து காற்று கொப்பளித்துக்கொண்டே இருக்கும். உள்ளே காப்பி நிறத்தில் ஒரு குழம்பு. அந்தக் குழம்பு முழுக்க உயிர். கோடானுகோடி பாக்டீரியா. தண்ணீரில் இருக்கும் அழுக்கையும் சாயத்தையும் தின்று தீர்ப்பது அவைதான். தின்று கொழுத்துத் திரண்டு, பக்கத்திலிருக்கும் தெளிவுத் தொட்டிக்குப் போய் அடியில் படிந்தால், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் மெல்லிய சவ்வுகள் வழியாக வடிந்து மறுபடியும் சாயம் போடப் போகும். பாக்டீரியா படியாமல் கலங்கினால் சவ்வு அடைக்கும். சவ்வு அடைத்தால் பட்டறை நிற்கும்.

தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் உருளையில் மொண்டு மேசைமேல் வைத்து, அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் விட்டு, சேறு எந்தக் கோட்டில் வந்து நிற்கிறது என்று பார்ப்பாள் விஜயகுமாரி. முந்நூற்றைம்பது என்றால் அன்றைக்கு நல்ல நாள். பிறகு ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைப்பாள். காம்பில் மணி கட்டியது போல ஓர் ஒற்றைச் செல் உயிர் சுருங்கி விரிந்து பாக்டீரியாவை வாரித் தின்றுகொண்டிருக்கும். அது நிறைய இருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் அவள் டீ குடிக்க மாட்டாள்.

பிளஸ் டூ முடித்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவள். கீழே ட்யூப் லைட் எரியும் கண்ணாடிப் பலகைமேல் துணியை இழுத்துவிட்டு ஓட்டை தேடுவது. ஊசி உடைந்த இடத்தில் வெளிச்சம் புள்ளியாகக் கசியும். அங்கே ஒரு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஆறு வருஷம் ஒட்டினாள். கண் கூர்மையாயிற்று, இடுப்பு போயிற்று. அதன் பிறகுதான் இந்த லேப் வேலை. ஓட்டையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு உருளையின் கோடு சுலபமாகப் பிடிபட்டது. வாரா வாரம் சனிக்கிழமை தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைக்கும் பழக்கம் அவளாக ஏற்படுத்திக்கொண்டது. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கருப்புசாமி அந்தத் தொட்டியைக் கட்டும்போது சித்தாளாக வந்தவர். கான்கிரீட் ஊற்றினார், ஈரம் காயும் வரை காவல் இருந்தார், பிறகு அங்கேயே ஆபரேட்டராகிவிட்டார். காற்று குறைந்தால் சத்தத்தில் கண்டுபிடிப்பார். காலையில் வந்ததும் லேபுக்குள் தலையை நீட்டி, "எத்தன நின்னுச்சு அம்முணி?" என்பார். எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பூட்ஸை மாட்டுவார்.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருவோம்.

கணவன் வழிக் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் லீவு போட்டாள் விஜயகுமாரி. போகிற அவசரத்தில் ஸ்டோர் சாவி அவளுடைய கைப்பைக்குள்ளேயே போய்விட்டது. பாக்டீரியாவுக்குச் சாயத் தண்ணீர் மட்டும் போதாது. வெல்லமும் யூரியாவும் தினம் கரைத்து ஊற்றியாக வேண்டும். அதெல்லாம் ஸ்டோருக்குள் பூட்டிக் கிடந்தது. இரண்டாம் நாள் கருப்புசாமி போன் செய்தார்.

"அம்முணி, சாவி எங்க வச்சே?"

கோயில் வாசலில் நின்றபடி பையைத் துழாவினாள். கையில் சாவி தட்டுப்பட்டது. "அய்யோ, எங்கிட்டயே இருக்குதுங்கண்ணா. என்னுங்க பண்றது?"

"வெளிய சொல்லாத. ரெண்டு நாளு பட்டினி கெடக்கட்டும். நீ வந்தப்பறம் பாத்துக்கலாம். சார் கேட்டா நான் போட்டேன்னு சொல்லிக்கறேன்."

சொன்னபடியே சொல்லியும் வைத்தார்.

சனிக்கிழமை வந்து பார்த்தால் உருளையில் சேறு நூற்றெண்பதில் நின்றது. பாதிதான். தெரிந்தால் திருமூர்த்தி என்ன சொல்வார் என்பதைவிட, கருப்புசாமி அவளுக்காகச் சொன்ன பொய் வெளியே வருமே என்பதுதான் பெரிய பயம். ஆனால் அந்த வட்டாரத்தில் தொட்டி மெலிந்தால் ஒரு வழக்கம் உண்டு. தயிருக்கு உறைமோர் வாங்குகிற மாதிரி, நன்றாக ஓடும் பக்கத்து பிளான்ட்டிலிருந்து இரண்டு கேன் சேறு வாங்கி ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் விதை. ஓனர்களுக்குத் தெரியாமல் ஆபரேட்டர்களுக்குள்ளேயே நடக்கும் கொடுக்கல் வாங்கல். யாரும் இல்லையென்று சொன்னதில்லை; யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததும் இல்லை.

அவளுடைய சித்தி மகன் சிவராஜ் இரண்டு தெரு தள்ளி ஒரு பிளான்ட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை கருப்புசாமிக்கு லீவு. மத்தியானம் சிவராஜ் மொபெட்டில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"டேய், உங்க டேங்க்கு நல்லாருக்குதுதானே?"

"அக்கா, விதை கேட்டயா, ஜாதகம் கேட்டயா? நாலு நாளா கொஞ்சம் நொரை. மத்தபடி ஒண்ணுமில்ல. புடி, கை நோவுது."

நுரை என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் ஊற்றினாள். பழக்கதோஷத்தில் கேனிலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்து, 'சிவராசு விதை' என்று எழுதி ஃபிரிட்ஜில் வைத்தாள். கருப்புசாமியிடம் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை கருப்புசாமி தெளிவுத் தொட்டியின் விளிம்பில் படிந்த பாசியை ஹைப்போ விட்டுக் கழுவினார். துணி வெளுக்கும் அதே ஹைப்போதான். பாசியையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். அதனால் கழுவும் தண்ணீர் பெரிய தொட்டிக்குள் போகாமல் வால்வைத் திருப்பிப் பக்கத்துக் குழிக்கு விடவேண்டும். மாதம் ஒருமுறை செய்கிற வேலை. அவர் கழுவிக்கொண்டிருந்தபோது விஜயகுமாரி பக்கத்தில்தான் போனாள். விதையைப் பற்றிச் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டாள்.

செவ்வாய்க்கிழமை தொட்டி வெளுத்தது. காப்பி நிறம் போய்ப் பால் கலந்த டீ மாதிரி ஆயிற்று. திரள்கள் உடைந்து மாவாகிவிட்டன. மைக்ராஸ்கோப்பில் மணிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் காம்பை விட்டு உதிர்ந்துகொண்டிருந்தன. புதன்கிழமை சவ்வு அடைத்து, பட்டறையில் பத்து மெஷினும் நின்றன.

திருமூர்த்தி லேபுக்கே வந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் மெஷின் நின்ற நாளில் எந்த ஓனரும் நல்லவராக இருந்ததாக அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை.

"கருப்பா, திங்கக்கெழம ஹைப்போ போட்டுக் கழுவுனயா?"

கருப்புசாமி திருமூர்த்தியைவிடப் பத்து வயது மூத்தவர். "கழுவுனனுங்க. மாசாமாசம் கழுவறதுதானுங்க. வால்வத் திருப்பியுட்டுப் போட்டுத்தான் கழுவுனேன்."

"திருப்புனயா, திருப்புனதா நெனச்சயா?"

"இருவது வருசமாத் திருப்பறேனுங்க."

"அதத்தான் சொல்றேன். இருவது வருசமாத் திருப்புனவனுக்குத்தான் ஒரு நாளைக்கு மறந்துபோகும்." திருமூர்த்தி விஜயகுமாரி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு விஜயா. வேற ஏதாச்சும் உள்ள உழுந்துச்சா? ஆராச்சும் எதையாச்சும் ஊத்துனாங்களா?"

"இல்லீங்க சார்."

இரண்டு வார்த்தை. யோசிக்காமலே வந்துவிட்டது. கருப்புசாமி அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். விதை ஊற்றியது அவருக்குத் தெரியாது. சாவி விஷயம் தெரியும். மூன்று நாள் பட்டினி போட்டதை அந்த இடத்தில் சொல்லியிருந்தால் பழியில் பாதி இறங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. பார்வையைத் தரைக்கு இறக்கி, "நான் திருப்பித்தானுங்க உட்டேன்" என்று இன்னொரு தடவை மட்டும் சொன்னார்.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

தொட்டியை மறுபடி எழுப்ப ஐந்து வாரம் பிடித்தது. சாணி கரைத்து ஊற்றினார்கள், கடையிலிருந்து புதிதாக பாக்டீரியா பொடி வாங்கிக் கொட்டினார்கள். புரட்டாசியில் உருளை முந்நூறைத் தொட்டது. எத்தனை நின்றது என்று கேட்க லேப் வாசலில் ஆள் இல்லை. பூட்ஸ் கம்பியிலேயே தொங்கியது. புது ஆபரேட்டருக்கு அளவு சேரவில்லை. ஒரு மழை நாளில் விஜயகுமாரி அதை எடுத்துவந்து மேசைக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு நாற்காலியில் உட்காரும்போது கால் அதில் படாமல் ஒதுங்கியே உட்கார்ந்தாள்.

பிளான்ட் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நூற்று நாற்பது பேர். அதில் யாரோ ஹைப்போ டிரம் படம் ஒன்றைப் போட்டு, 'கருப்பண்ணன் டேங்க்குக்கு ஊட்டுன சத்து டானிக்' என்று எழுதியிருந்தார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. இரண்டே நாளில் 'ஹைப்போ கருப்பன்' என்று பேர் நின்றுவிட்டது. வேறு இரண்டு பிளான்ட்டில் வேலை கேட்டுப் போனார் என்றும், கேட்டிலேயே சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் சிவராஜ் சொன்னான். பிறகு ஒருநாள் குரூப்பில் 'கருப்புசாமி வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. மனைவி மருதாளின் ஊரான கொமரலிங்கத்துக்கே போய்விட்டாராம்.

விஜயகுமாரி தனக்குள் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். விதை என்பது உயிர். உயிரை ஊற்றினால் உயிர் எப்படிச் சாகும்? ஹைப்போதான் கொல்லும். கருப்பண்ணனுக்கும் வயதாகிவிட்டது, மறந்திருக்கலாம். இந்த 'லாம்' இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்கியிருக்காது.

மாசியில் மோனிஷா வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். கையில் ஐஸ் பெட்டி. பிளான்ட் பிளான்ட்டாகப் போய்த் தொட்டித் தண்ணீர் வாங்குகிறாள் என்று திருமூர்த்தி அனுப்பி வைத்திருந்தார்.

"எதுக்குக் கண்ணு இது?"

"இதுல வைரஸ் தேடறனுங்க அக்கா."

விஜயகுமாரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மோனிஷாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அய்யோ, இது நம்மள ஏறெடுத்தும் பாக்காதுங்க. பாக்டீரியாவ மட்டுந்தான் புடிக்கும். அதுலயும் ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு வகை பாக்டீரியாதான் ஒத்துவரும். போயி மேல உக்காந்து, ஊசி போட்ட மாதிரி உள்ள எறங்கிரும். உள்ள இருந்தே நூறு குட்டி போடும். அப்பறம் பாக்டீரியாவ வெடிக்க வச்சுட்டு நூறும் வெளிய வந்து அடுத்தடுத்ததப் புடிக்கும்."

"அப்ப எங்க டேங்க்குல ஒண்ணும் மிஞ்சாதே?"

"எப்பவும் கொஞ்சம் இருந்துட்டேதாங்க இருக்கும். நாலு வகை கலந்து இருந்தா பெருசாத் தெரியாது. ஆனா கடைல வாங்குன ஒரே வகையத் தொட்டி முழுக்க வளக்கறீங்க பாருங்க, அங்கதான் ஆபத்து. பக்கத்துல பக்கத்துல ஒரே ஆளு. ஒண்ணுக்கு வந்தா ரெண்டே நாள்ல பூராவும் காலி. தொட்டி வெளுத்துப் போகும். வைரஸால புடிக்க முடியாத ஒண்ணு ரெண்டு மிஞ்சி நிக்கும், அதுக பெருகித்தான் திரும்ப எழுந்துக்கும்."

விஜயகுமாரி தலைப்பை இறக்கினாள். "வெளியிலிருந்து வருமா கண்ணு? வேற டேங்க் சேறு கீறு ஊத்துனா?"

"அதுதாங்க நல்ல வழி, வைரஸுக்கு."

அன்றைக்கு அவள் மத்தியானச் சோற்றைத் திறக்கவே இல்லை. மோனிஷா ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து மூன்று பாட்டிலை எடுத்து வைத்தாள். ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்று, 'சிவராசு விதை' ஒன்று, சவ்வு அடைத்த புதன்கிழமை பிடித்தது ஒன்று. கூடவே, தொட்டி வெளுப்பதற்கு முன்பு போட்டுவந்த கடைப் பாக்டீரியாப் பொடியில் மிச்சம்.

"இதையும் பாப்பயா? நானும் கூட வந்து பாக்கலாமா?"

கல்லூரி லேபில் மோனிஷா செய்தது எளிய வேலைதான். ஒவ்வொரு பாட்டில் தண்ணீரையும் பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தாள். வைரஸ் அதைவிடப் பொடி. அது மட்டும் இறங்கும். மூன்று வட்டத் தட்டில் அந்தப் பொடியிலிருந்த பாக்டீரியாவைப் பரப்பி, தட்டுக்கு ஒரு தண்ணீர் வீதம் சேர்த்து மூடினாள். மறுநாள் காலை விஜயகுமாரி பஸ் பிடித்துப் போனாள்.

மோனிஷா தட்டுகளை விளக்குப் பலகைமேல் வைத்தாள். முதல் தட்டில், சனிக்கிழமைத் தண்ணீரில், பாக்டீரியா ஆடை கட்டிய பாலைப் போல ஒரே சீராகப் படர்ந்திருந்தது. இரண்டாவது தட்டை விஜயகுமாரி தானே வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். ஆறு வருஷம் ஓட்டை தேடிய கண். தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைப் படலம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிந்தது. ஒவ்வொரு பொட்டும் ஒரு வைரஸ் தொடங்கிவைத்த சாவு. மூன்றாவது தட்டில் படலமே இல்லை.

"விதைலதாங்க அக்கா வந்திருக்குது. ஹைப்போவா இருந்தா இந்த மாதிரி ஓட்ட உழாதுங்க," என்றாள் மோனிஷா. தொட்டியை ஹைப்போ கொன்றதாகப் பேச்சு என்பதற்கு மேல் கதை தெரியாமல், கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னாள்.

உள்ளே இருந்த வக்கீல் அன்றோடு எழுந்து போய்விட்டார்.

முதலில் திருமூர்த்தியிடம் போனாள். சாவி, விதை, பொய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டுகளின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இப்பத்தான் டேங்க்கு ஓடுதல்ல? உட்டுத் தள்ளு. வைரஸு வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு வர்றவன் போறவனெல்லாம் கேப்பான்."

"கருப்பண்ணனுக்குங்க?"

"அவன் போயி ஆறு மாசமாச்சு விஜயா. ஊருல ஏதோ பண்ணிட்டிருப்பான்."

அவளை அவர் திட்டக்கூட இல்லை. வால்வைத் திருப்பிய மனிதருக்கு ஒரே காலையில் வெளிவாசல். விதையை ஊற்றி, பொய்யும் சொன்னவளுக்கு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு கன்னத்தில் விழும் ஓர் அறையைவிட நன்றாக உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் பஸ் மாறிக் கொமரலிங்கம் போனாள். மருதாள் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவளை அடையாளம் கண்டும் கையை நிறுத்தவில்லை.

"பட்டறைலிருந்துங்களா? ஏனுங்க, இன்னும் ஏதாச்சும் செத்துப்போச்சுங்களா? எங்கூட்டுக்காரரு இங்கதான் இருந்தாருங்க, சாட்சி சொல்றேன்."

விஜயகுமாரி வயலுக்கு வழி கேட்டுப் போனாள். கருப்புசாமி யாருடையதோ நெல்வயலில் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார். வெறுங்கால். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போனில் தட்டுகளைக் காட்டினாள். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, போனை வாங்காமலே குனிந்து பார்த்தார்.

"அப்ப வால்வத் திருப்பித்தான் உட்டிருக்கேன்," என்றார்.

விஜயகுமாரிக்குப் புரியவில்லை.

"மொத ரெண்டு மாசம் எனக்கு நல்லாத் தெரியும் அம்முணி, திருப்புனேன்னு. அப்பறம் எல்லாருஞ் சொல்லச் சொல்ல எனக்கே தெரியாமப் போச்சு. படுத்தாக் கையில வால்வு நிக்குது. திருப்புனனா, திருப்புனதா நெனச்சனா? மடையக்கூட ரெண்டு வாட்டி போயிப் பாக்கறேன் இப்ப."

அவள் நினைத்திருந்தது, வேலையையும் பேரையும் தான் பறித்துவிட்டோம் என்று மட்டும். அவர் கையை அவரே நம்பாமல் போனது அவள் கணக்கிலேயே இல்லை.

"என்ன மன்னிச்சுருங்கண்ணா."

"அது இருக்கட்டும். எனக்குச் சொல்றதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தே, செரி. பேரு வச்சவங்களுக்கு ஆரு சொல்றது?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மடைக்குப் போய்விட்டார். காப்பித்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று அவரும் சொல்லவில்லை, மருதாளும் சொல்லவில்லை. கொங்குநாட்டில் ஒருவர் வீட்டுக்குப் போய் வெறும் வாயோடு திரும்புவது எவ்வளவு பெரிய தண்டனை என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பஸ் உடுமலை வருவதற்குள் குரூப்பில் மூன்று தட்டுகளின் படத்தையும் போட்டாள். பிறகு போனை வாயருகே வைத்துப் பேசினாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. "விஜயகுமாரி பேசறனுங்க. ஆடி மாசம் எங்க டேங்க்கு செத்தது ஹைப்போல இல்லீங்க. வெளியிலிருந்து ரெண்டு கேன் விதை வாங்கி நாந்தான் ஊத்துனேன். அதுல வைரஸ் இருந்துச்சு. கேட்டப்ப இல்லீன்னு பொய் சொன்னதும் நாந்தான். கருப்புசாமியண்ணன் வால்வச் சரியாத் திருப்புனாருங்க." கடைசி வரியை இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு ஒருவர், 'வைரஸ்னா மாஸ்க் போடணுமா?' என்று கேட்டார். இன்னொருவர் முருகன் படத்தோடு இனிய மாலை வணக்கம் சொன்னார். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. சிவராஜ் தனியாகக் கூப்பிட்டான்.

"எம்பேரச் சொல்லாட்டி என்னக்கா, எவன் குடுத்திருப்பான்னு எல்லாத்துக்கும் தெரியாதா? இனி எங்கிட்ட ஒரு சொட்டு கேட்டுறாத."

திருமூர்த்தி ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. சித்திரைக்குள் அவளுக்கும் பேர் வைத்துவிட்டார்கள்: வைரஸ் விஜயா. டீக்கடையில் முதுகுக்குப் பின்னால் அது காதில் விழும்போதெல்லாம், இன்னொரு பேரை யாராவது சொல்கிறார்களா என்று கவனித்துக் கேட்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேர் குறைந்தது. அது முழுக்க ஒழிந்ததா என்று அவளுக்குத் தெரியாது. மோனிஷாவிடம் தட்டு ஊற்றக் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைத் தண்ணீரைத் தானே சோதிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்ப்பாள்.

கொமரலிங்கத்திலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஆடி வந்து போயிற்று. தீபாவளி போயிற்று. மேசைக்கடியில் பூட்ஸ் தூசி பிடித்தது. மாதம் ஒருமுறை துடைத்து வைத்தாள்.

அதற்கடுத்த தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உருளையில் சேறு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து குரல் செய்தி. பின்னணியில் காற்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. எந்தத் தொட்டியின் சத்தமும் அவளுக்குத் தெரியும். அது புதுத் தொட்டி.

"அம்முணி, கருப்புசாமி பேசறேன். வெள்ளகோயில் பக்கம் ஒரு பிளான்ட்டுல சேத்திருக்கறாங்க. குரூப்புல நீ பேசுனத ஆரோ இந்த ஓனருக்குக் காட்டியிருக்கறாங்க. டேங்க்கு புதுசு, விதை வேணும். ரெண்டு கேன் குடுத்தனுப்பு. எம்பட பூட்ஸு அங்க கெடந்தா அதையுஞ் சேத்து அனுப்பு. விதையத் தட்டுல ஊத்திப் பாத்து, ஓட்ட இல்லீன்னா மட்டும் அனுப்பு. தட்டப் போட்டோ எடுத்துப் போடு. நீ வாயில சொன்னாப் பத்தாது."